உச்சிக் கொண்டை

சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள் சின்னவள்.

பெல்ட் நின்றது. வரிசையாக வந்துகொண்டிருந்த பால் பவுடர் டப்பாக்கள் ஒன்றன் முதுகில் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. பவுடர் கொட்டும் குழாய் மட்டும் சேதி தெரியாமல் இன்னொரு தடவை தும்மிவிட்டு அடங்கியது.

எதிரே, அண்ணி மேஜை விளிம்பைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தாள். விழுந்தாள் என்று சொல்ல முடியாது. ஒரு நிதானத்தோடு இறங்கி, தரைக்கு வந்த பிறகுதான் பக்கவாட்டில் சாய்ந்தாள். கையில் இருந்த பிளாஸ்டிக் கரண்டிகள் நாலாபக்கமும் ஓடின.

"காலைப் பிடி" என்றாள் சின்னவள், பக்கத்தில் மூடி போடுகிறவளிடம். "தலை என்கிட்ட. ஆட்டாம வா."

இருவருமாகத் தூக்கி, உடை மாற்றும் அறைக்குக் கொண்டுவந்து பெஞ்சில் கிடத்தினார்கள். மூடி போடுகிறவள் தண்ணீர் எடுக்க ஓடினாள். சின்னவள் அண்ணியின் முகக்கவசத்தைக் கழற்றினாள். தோள்வரை மூடும் வெள்ளை முக்காட்டை உருவினாள். உள்ளே நெற்றியையும் காதையும் மூடிய பருத்தித் துணி. உச்சியில் அது பந்து மாதிரி எழும்பி நின்றது. அதுதான் கொண்டை. அடியில் கம்பெனி கொடுத்த வெள்ளை நாடா, வியர்வையில் ஊறி, இரும்பு மாதிரி இறுகிக் கிடந்தது.

முடிச்சில் நகத்தைக் கொடுத்தாள்.

அண்ணியின் கண் திறக்கவில்லை. ஆனால் கை வந்தது. வந்து சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்தது. மயங்கிக் கிடக்கிறவளின் பிடி இல்லை அது.

"தொடாத."

"அவுத்துவிட்டா சரியாயிடும் அண்ணி. ரெண்டு நிமிஷம்."

"தொடாதன்னு சொன்னேன்."

"இந்தக் கொண்டைதான் உங்களைக் கொல்லுது. அப்புறமும் அதைக் கட்டிக்கிட்டு அழுவீங்களா?"

பிடி தளரவில்லை. கடைசியில் சின்னவள்தான் கையை இழுத்துக்கொண்டாள். மணிக்கட்டில் நாலு விரல் பதிந்திருந்தது.

வாசலில் சூப்பர்வைசர் வந்து நின்றார். உள்ளே காலை வைக்காமல், சுவரைப் பார்த்துப் பேசினார். பெண்கள் அறை.

"ஒரு மாசத்துல ரெண்டு தடவை லைன் நின்னிருக்கும்மா. மூணாவது தடவைன்னா அவங்களை லைன்ல நிக்க விட மாட்டாங்க. மேல இருந்து சொல்லிட்டாங்க. என் கையில எதுவும் இல்ல."

"மூணாவது தடவை வராது சார்."

"எப்படிச் சொல்ற?"

"வராது" என்றாள் சின்னவள்.

அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

*

அந்தத் தொழிற்சாலையில் குழந்தைகள் குடிக்கிற பால் பவுடர் டப்பாவில் அடைபடுகிறது. ஆகவே முடிதான் முதல் எதிரி. எலியைக்கூட அவர்கள் அவ்வளவு வெறுத்ததில்லை. ஊசி கூடாது, கிளிப் கூடாது, ரப்பர் பேண்ட் கூடாது. எது உதிர்ந்து டப்பாவில் விழுந்தாலும் கதை முடிந்தது. அனுமதி ஒன்றே ஒன்றுக்கு. முழ நீள வெள்ளைப் பருத்தி நாடா. பிடரியில் முடிந்தால் குனியும்போது முக்காட்டுக்கு வெளியே நழுவுமாம். அதனால் உச்சியில்தான் முடிய வேண்டும். ஊசி இல்லாமல் உச்சியில் நிற்க வேண்டுமென்றால் இறுக்க வேண்டும். புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இறுக்க வேண்டும்.

அந்த இறுக்கத்தில் எட்டு மணி நேரம்.

ஷிப்ட் முடிந்து நாடாவை அவிழ்க்கும்போது அறையில் ஒரு சத்தம் எழும். இருபது பெண்கள் ஒரே மூச்சில் விடுகிற "ஹா". கேட்டால் சிரிப்பு வரும், அவிழ்த்தால் சிரிப்பு போய்விடும். மேலே நின்ற முடி கீழே சாயும்போது ஒவ்வொரு வேரும் தனித்தனியாக வலிக்கும். சீப்பு பட்டால் வலி, தலையணை பட்டால் வலி, காற்றுப் பட்டாலும் வலி. பாதிப் பேர் பொறுக்க மாட்டாமல் ஆண்பிள்ளை மாதிரி வெட்டிக்கொண்டார்கள். வாசலில் டார்ச் அடித்துக் கழுத்தைச் சோதிக்கிற டார்ச்சம்மா பதினெட்டு வருஷம் கொண்டை போட்டவள். அவள் நெற்றி மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பின்னால் போய்விட்டது. "எனக்கு மூளை வளர்ந்துட்டே போகுது, முடி வழிவிட்டு ஒதுங்குது" என்பாள்.

அண்ணியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே சின்னவள்தான். புருஷன் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், முதலில் தான் சேர்ந்தாள். சீல் போடும் மெஷினைப் பழகினாள். இரண்டு வருஷம் கழித்து அண்ணிக்கு இடம் வாங்கிக் கொடுத்தாள். டப்பாவுக்கு ஒரு கரண்டி போடுகிற வேலை.

முதல் நாள் அந்தக் கொண்டையைக் கட்டியதும் சின்னவள் கைதான். அண்ணிக்கு இடுப்பைத் தாண்டும் முடி. குனிய வைத்து, முன்பக்கமாக எல்லாவற்றையும் வாரி, முறுக்கி, சுற்றி, நாடாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுவரில் காலை ஊன்றி இழுத்தாள்.

"யம்மா, கழுதைக்கு மூட்டை கட்டற மாதிரி கட்டறியே" என்றாள் அண்ணி, தலைகீழாகச் சிரித்துக்கொண்டே.

"கழுதை அசையாம நின்னா சீக்கிரம் முடியும்."

அந்த முடிச்சு சின்னவளின் கண்ணிலேயே நின்றுவிட்டது. அண்ணிக்குத் தலைவலி ஆரம்பித்த நாளிலிருந்து, ராத்திரி படுத்தால் அவள் விரல்களுக்கிடையில் அந்த நாடா ஓடும். நான் கட்டினது. நான் சொல்லிக் கொடுத்தது. சேர்த்துவிட்டதும் நான்.

*

தொழிற்சாலைக்கு வியாழக்கிழமைதோறும் ஒரு டாக்டர் வருவார். ஏழு வாரத்துக்கு முன்னால் அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் சின்னவள். உள்ளே ஒருவருக்குத்தான் நாற்காலி. கதவு பாதி சாத்தியிருந்தது. வெளியே நின்ற சின்னவள் காதுக்கு டாக்டரின் குரல் விழுந்தது.

"கொண்டையை இறக்குங்கம்மா முதல்ல. இப்படி இழுத்துக் கட்டினா யாருக்குத்தான் வலிக்காது? முடியை அவுத்து விடுங்க."

அதற்குள் பக்கத்து அறையில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கிவிட்டது. மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டது போதும் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

அண்ணி வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் கதவில் ஒட்டியிருந்த தீயணைப்பு நோட்டீசைப் படித்தாள். பிறகு திரும்பி, "கொண்டை வலியாம்" என்றாள்.

அன்று வீட்டில் அண்ணன் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கையோடு சமையலறைக்குள் வந்து, மனைவியின் தலையைப் பார்த்துக் கும்பிடு போட்டான்.

"நான் என்னமோ ஏதோன்னு நினைச்சு மூணு நாளா சாப்பாடு இறங்காம கிடந்தேன். கடைசியில இவருதானா? வாங்க கொண்டையாரே."

அதிலிருந்து அந்த வீட்டில் கொண்டை ஒரு ஆள் ஆகிவிட்டது. "கொண்டையார் சாப்பிட்டாரா?" "கொண்டையாருக்கு இன்னிக்குக் கோபம் போல." பஸ்ஸில் இடம் பிடித்தால் "கொண்டையாருக்கும் சேர்த்துப் பிடி" என்பான். அண்ணியும் சிரிப்பாள். வலிக்கிற பக்கத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பாள்.

ஆனால் அவிழ்த்தாளா என்றால், இல்லை. வீட்டில்கூடப் பருத்தித் துணியைச் சுற்றியே இருந்தாள். "அவுத்தா வேர் வேரா வலிக்குது. கட்டினபடி இருந்தா தேவலை" என்றாள். அந்தப் பேச்சில் தப்பில்லை. லைனில் எல்லாரும் சொல்கிறதுதான். காலையில் சின்னவளைக் கட்டிவிடக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தானே கட்டினாள். அண்ணன் மூச்சு விடுகிற சத்தம்கூடத் தலையில் இடிக்கிறது என்று அவனைக் கூடத்தில் படுக்கச் சொன்னாள்.

சின்னவளுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் புரிந்தது. முடி மேல் ஆசை. வெட்டச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அதனால் ஒளித்து ஒளித்து வைக்கிறாள்.

டார்ச்சம்மா வேறு போன வாரம் நிறுத்திப் பாராட்டினாள். "உங்கண்ணியைப் பாத்துக் கத்துக்கங்கடி. இப்பல்லாம் டார்ச் அடிச்சா ஒரு இழை வெளிய தெரியறதில்ல. அவ்ளோ முடியை வச்சுக்கிட்டு எப்படித்தான் அடக்கறாளோ."

அதைக் கேட்டுச் சின்னவள் நினைத்தாள்: அவ்வளவு இறுக்குகிறாளா?

*

இரண்டாவது தடவை விழுந்த அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். முட்டையும் ரொட்டியும். அண்ணி கெட்டிலை எடுத்து டீ ஊற்றினாள். டீ கோப்பைக்கு வெளியே, மேஜைமேல் கொட்டியது. ஊற்றிக்கொண்டே இருந்தாள். அண்ணன் கோப்பையை நகர்த்தி அதன் கீழே கொண்டுபோய் வைத்தான்.

"கொண்டையார் பார்வையை மறைக்கிறாரா?"

"தூக்கக் கலக்கம்" என்றாள் அண்ணி. துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்தது டீ இல்லாத இடத்தை.

"அண்ணே, நீ விளையாடினது போதும்" என்றாள் சின்னவள். "இன்னொரு தடவை விழுந்தா வேலை போயிடும். சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

அண்ணன் ரொட்டியைத் தட்டில் வைத்தான். "உன்கிட்ட சொன்னாரா?"

"சுவத்துக்கிட்ட சொன்னாரு. நான் பக்கத்துல இருந்தேன்."

அண்ணி சிரித்தாள். சின்னவள் சிரிக்கவில்லை.

"வெட்டிடுங்க அண்ணி. முடிதானே. ஆறு மாசத்துல வளரும்."

"பாப்போம்."

"என்னத்தைப் பாக்கறது? டாக்டர் சொன்னாரு. நான் என் காதால கேட்டேன். அவுத்துவிடச் சொன்னாரு. நீங்க ஒரு நாள் அவுத்தீங்களா? ஒரு நாள்?"

"ஏய், மெதுவா பேசு. அவளுக்குச் சத்தம் ஆகாது" என்றான் அண்ணன்.

"நீயும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருக்க? நீ சொன்னா வெட்ட மாட்டாங்களா?"

"நான் முதல் நாளே சொல்லிட்டேன்டி. மொட்டை அடிச்சாக்கூட எனக்குச் சம்மதம்னு. இவளே, சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம் என்ன? யாருக்காக வச்சிருக்கீங்க அதை?" என்றாள் சின்னவள்.

அண்ணி டீயை இரண்டு கையாலும் பிடித்து உதட்டுக்குக் கொண்டுபோனாள். வழி கண்டுபிடிக்கிற மாதிரி கொண்டுபோனாள்.

"இருந்துட்டுப் போகட்டும் சின்னவளே. ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். அது யாரை என்ன பண்ணுது?"

"என்னைப் பண்ணுது" என்றாள் சின்னவள். "கட்டிவிட்டவ நான். நீங்க தலையைப் பிடிக்கறப்பல்லாம் என் கை கூசுது. முனிசிபல் ஆபீஸ்ல தண்ணி இணைப்புப் பேப்பருக்குன்னு லீவு போட்டு ஒரு நாள் பூரா நின்னீங்களே, அன்னிக்காவது ஒரு சலூனுக்குள்ள நுழைஞ்சு வந்திருக்கலாம். அந்தப் பேப்பரையும் வாங்கல, இதையும் முடிக்கல."

அண்ணி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கூட்டம் ஜாஸ்தி" என்றாள். எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

"விடு" என்றான் அண்ணன். "முடியைப் போய் யாராவது உசுரா நினைப்பாங்களா? அவளே ஒரு நாள் வெட்டுவா."

சின்னவள் மேஜையில் கிடந்த டீயைத் துடைத்தாள். அந்த ஒரு நாளுக்குக் காத்திருக்க அவள் தயாராக இல்லை.

*

விடுமுறை நாள். மத்தியானம். மழை பிடித்துக்கொண்டது.

எங்கோ ஆறாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டதாகப் போன் வந்து அண்ணன் கிளம்பினான். "உள்ள ஒரு கல்யாண கோஷ்டி மாட்டிக்கிச்சாம். மாப்பிள்ளை உள்ள, பொண்ணு வெளிய. ஒரு மணி நேரத்துல வந்துடறேன். கொண்டையாரைப் பாத்துக்க." ரெயின்கோட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடினான்.

அண்ணி இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். ஜன்னலில் கம்பளி தொங்கியது. வெளிச்சம் கூடாது.

சின்னவள் தன் பையைத் திறந்தாள். கத்தரி. முந்தின நாள் தையல் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தது. துணி வெட்டுகிற பெரிய கத்தரி. சமையலறைக் கத்தரிக்கு அந்த முடி மசியாது என்று அவளுக்குத் தெரியும்.

கதவருகே நின்று மூச்சை எண்ணினாள். அண்ணியின் மூச்சு சீராக வந்தது. செருப்பைக் கழற்றினாள். கட்டில் ஓரத்தில் மண்டியிட்டாள். துணி சுற்றிய தலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

திட்டுவாள். இரண்டு நாள் பேசமாட்டாள். பேசாவிட்டால் போகட்டும். மூன்றாம் நாள் தலையணையில் தலையை வைத்து நிம்மதியாகத் தூங்குவாள். அப்போது தெரியும்.

நாடாவின் முனையைத் தேடினாள். முடிச்சு வேறு மாதிரி இருந்தது. தான் சொல்லிக் கொடுத்த முடிச்சில்லை. நாடா கொண்டையின் அடியில் மட்டும் சுற்றவில்லை. காதுக்குப் பின்னால் இறங்கி, பிடரியைச் சுற்றி மறுபடி மேலே ஏறியிருந்தது. மூட்டையை வண்டியோடு சேர்த்துக் கட்டுகிற கட்டு. இதற்கு என்ன அவசியம் என்று யோசித்துக்கொண்டே கத்தரியின் நுனியை உள்ளே விட்டு, ஒரு சுற்றை நறுக்கினாள். இரண்டாவதை நறுக்கினாள். நாடா தளர்ந்தது.

துணியை மெல்லத் தூக்கினாள்.

துணியோடு கொண்டையும் வந்தது.

முழுசாக வந்தது. சுருண்டபடி, கனமாக, அவள் இடது கையில் வந்து உட்கார்ந்தது. உயிருள்ள எதையோ பிடித்துவிட்ட மாதிரி அவள் கை உதறியது. ஆனால் கீழே போடவில்லை. கட்டிலில் கிடந்த தலையைப் பார்த்தாள். விரல் நகத்தின் நீளத்துக்கு முடி. மேடும் பள்ளமுமாக, கண்ணாடி பார்க்காமல் வெட்டியது. புதிதாக வெட்டியது இல்லை. ஓரங்களில் வளர்ந்து மிருதுவாகியிருந்தது.

"எடுத்துட்டியா?" என்றாள் அண்ணி, சுவரைப் பார்த்தபடி. தூக்கம் இல்லாத குரல்.

மழை கம்பளிக்குப் பின்னால் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப அண்ணி?"

"டாக்டரைப் பாத்துட்டு வந்தோமே. அன்னிக்கே. குளியலறையில, சமையல் கத்தரியை வச்சு. கை விட்டுப்போச்சு. அவ்ளோ முடி."

"அன்னிக்கேவா?"

"ஏழு வாரம்" என்றாள் அண்ணி. "டாக்டர் ரெண்டு விஷயம் சொன்னாரு. நீ ஒண்ணுதான் கேட்ட. அவுத்துவிட்டா ஒரு மணி நேரத்துல வலி விட்டுடும்னாரு. விட்டுடுச்சுன்னா கொண்டைதான், பயப்படாதீங்கன்னாரு."

"விடலைன்னா?"

"அதான் ரெண்டாவது விஷயம்."

சின்னவள் மடியில் கொண்டையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இந்த வலி தன் கை கட்டியதில்லை. தன் முடிச்சு இல்லை. ஏழு வாரமாக அதற்குத்தானே ஏங்கினாள். அது கையில் வந்த பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஒரு மணி நேரம் பாத்தேன். அப்புறம் முழுசா வெட்டினா போகுமோன்னு வெட்டினேன். வெட்டிட்டு, விடியறவரைக்கும் தண்ணித்தொட்டி மேல உக்காந்து பாத்தேன். போகல."

"எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்லத்தான் கதவைத் திறந்தேன். உங்கண்ணன் தூக்கத்துல சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. மூணு நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் மனுஷன் தூங்கறாரு." அண்ணி மெல்லத் திரும்பிப் படுத்தாள். ஒரு கண் சின்னவளைப் பார்த்தது. இன்னொன்று எங்கோ பார்த்தது. "கொண்டைன்னா திட்டலாம், கிண்டல் பண்ணலாம். அது போயிட்டா இந்த வீட்ல யாரைத் திட்டுவீங்க? இருந்துட்டுப் போகட்டும்னு மறுபடி எடுத்துக் கட்டிக்கிட்டேன்."

தெருக்கோடியில் அண்ணனின் பைக் சத்தம் கேட்டது. அந்த சைலன்சர் ஓட்டையை அவன் ஒரு வருஷமாக அடைக்கவில்லை. அண்ணி எழுந்து உட்கார முயன்றாள். சின்னவள் முதுகைத் தாங்கினாள்.

"கட்டிவிடு. சீக்கிரம்."

"அண்ணி..."

"கட்டுடி. நாடா அந்த டிராயர்ல இன்னொண்ணு இருக்கு."

எடுத்தாள். கொண்டையைத் துணிக்குள் வைத்து அந்தச் சின்னத் தலைமேல் பொருத்தினாள். ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தினாள். நாடாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். முதல் நாள் மாதிரியே.

வெளியே கேட் கிரீச்சிட்டது. "என்னடி, கொண்டையார் எழுந்துட்டாரா?" என்று அண்ணன் மழையிலேயே சத்தம் போட்டான். "மாப்பிள்ளையை மீட்டுட்டேன். கேக் குடுத்தாங்க."

சின்னவள் பல்லிலிருந்து நாடாவை எடுத்தாள். ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. கேட்காமலிருக்கத்தான் பார்த்தாள்.

"அன்னிக்கு லீவு போட்டீங்களே. முனிசிபல் ஆபீசுக்குன்னு."

"ம்."

"அங்க போகலையா?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலையைப் படம் எடுத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

அண்ணன் வாசலில் செருப்பை உதறுகிற சத்தம். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"கண்ணுக்குப் பின்னால ஒரு கட்டியாம். கத்தி வைக்க முடியாத இடமாம்" என்றாள். "கொஞ்சம் இறுக்கிக் கட்டு. நழுவுது."